போட்டிச் சட்டம் (வியாபாரிகள் பேசி வைத்து விலை போடுவதையும் ஏகபோகத்தையும் தடுக்கும் சட்டம்) பற்றி டிவியில் சட்டத்தரணிகள் பேசுவதால் சாதாரண ஆட்களுக்கு ஏதாவது பிரயோசனம் உண்டா?

இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்தில், களுவாஞ்சிக்குடியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். சட்டம் படித்தவன் இல்லை, சட்டப்படி ஒரு இலட்சம் ரூபா தண்டம் கட்டியவன். அந்தத் தகுதியில் எழுதுகிறேன்.

2024 டிசம்பரில் அரிசிக்கு உச்ச விலை போட்டு வர்த்தமானி வந்தது நினைவிருக்கும். நாட்டரிசி மொத்த விலை 225, சில்லறை விலை 230. இடையில் இருக்கும் ஐந்து ரூபாவுக்குள் ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, எலி கடித்த பை, தராசடியில் சிந்துவது, கடன் கொப்பியில் ஏறிப் பிறகு வராமலே போகும் காசு எல்லாம் அடங்கவேண்டும். சரி, அதையும் சமாளிக்கலாம். ஆனால் எனக்கு அரிசி இறக்கும் லொறிக்காரர் கேட்டது 233. பில் கேட்டேன். "பில் வேணுமெண்டா அரிசி இல்ல தம்பி, அரிசி வேணுமெண்டா பில் இல்ல" என்றார். வாங்கினேன், 240க்கு விற்றேன். சாதாரண உடுப்பில் வந்த ஒருவர் இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு போனார், பத்து நிமிடத்தில் இன்னும் இரண்டு பேரோடு திரும்பி வந்தார். விலை பார்க்கும் அதிகாரிகள். வந்தவர்கள் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். பிழை என்னுடையது. நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டேன்.

அந்த வாரம்தான் ஒரு தமிழ் அலைவரிசையில் போட்டிச் சட்டம் தெரிந்த சட்டத்தரணி ஒருவரைக் கூப்பிட்டு 'அரிசி மாபியா' பற்றிக் கேட்டார்கள். கடையில் இருந்தபடி போனில் பார்த்தேன். தொகுப்பாளர் எதிர்பார்த்தது நல்ல சூடான திட்டு. அந்த மனுசனோ மாபியா என்ற சொல்லையே தொடவில்லை. எல்லாரும் ஒரே விலைக்கு விற்கிறார்கள் என்பது மட்டும் குற்றத்துக்குச் சாட்சி ஆகாது, பேசி வைத்துக்கொண்டு விற்றார்களா என்பதுதான் கேள்வி என்றார். பெற்றோல் நிலையங்களைப் பாருங்கள், ஒருவர் விலையை மாற்றினால் மற்றவர் அதே இரவு மாற்றுகிறார், அதை வைத்து மட்டும் கூட்டுச் சதி என்று சொல்லிவிட முடியாது என்றார். தொகுப்பாளரின் முகம் வாடிவிட்டது. எனக்கு அந்த இடத்தில்தான் ஆளைப் பிடித்தது.

அடுத்து அவர் சொன்னதைக் கேட்டு எனக்கு வியர்த்துவிட்டது. போட்டியாளர்கள் இரண்டு பேர் தேநீர்க் கடையில் உட்கார்ந்து "நாளைக்கு என்ன விலை போடுவம்?" என்று பேசினாலே அதுதான் கூட்டு விலை நிர்ணயம், அதற்குக் கோட்டும் டையும் தேவையில்லை என்றார். எங்கள் பசாரில் முட்டைக்கும் தேங்காய்க்கும் விலை எப்படி வருகிறது தெரியுமா? காலை ஏழு மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஒரு எண்ணைப் போடுவார், மற்றவர்கள் கட்டைவிரலைத் தூக்குவோம். அவ்வளவுதான். ஆறு வருடமாக நான் மாபியா வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல்!

பிறகு கூகுளுக்குப் போனார். பக்கத்தில் நின்ற என் மருமகன் "மாமா, இதுல அரிசி எங்க இருக்கு?" என்று கேட்டான். அரிசி இல்லை, பால்மா இருந்தது. விளக்குகிறேன். பால்மாவுக்குத் தட்டுப்பாடு வந்த காலத்தில் என்னிடம் வந்த விநியோக ஆள் சொன்னது இது: ஒரு பெட்டி பால்மா வேண்டுமென்றால், ஓடாத சவர்க்காரம் இரண்டு பெட்டியும் எடுக்கவேண்டும். ஆன்ட்ராய்ட் போனில் நடந்ததும் அதுதான். போன் செய்யும் கம்பனிகளுக்கு பிளே ஸ்டோர் இல்லாமல் முடியாது. அது வேண்டுமென்றால் கூகுள் தேடலையும் குரோமையும் சேர்த்துப் போட்டுக் கொடு என்றது கூகுள். 2018இல் ஐரோப்பிய ஆணையம் இதற்காகவும் இதோடு சேர்ந்த வேறு நிபந்தனைகளுக்காகவும் 434 கோடி யூரோ தண்டம் போட்டது. நீதிமன்றம் பிறகு அதைக் கொஞ்சம் குறைத்தது. 2022 அக்டோபரில் இந்தியாவின் போட்டி ஆணையமும் ஆன்ட்ராய்ட் விசயத்தில் 1,337 கோடி இந்திய ரூபா போட்டது. பிளே ஸ்டோர் பால்மா, குரோம் சவர்க்காரம். மருமகனுக்கு விளங்கிவிட்டது. அந்தச் சவர்க்காரம் இன்னும் என் பின்னறையில் கிடக்கிறது, அது வேறு கதை.

இனி எங்கள் நாட்டுக்கு வருவோம். 1987இல் நியாயமான வர்த்தக ஆணைக்குழு என்று ஒன்றைச் சட்டம் போட்டு அமைத்தார்கள். ஏகபோகத்தையும், கம்பனிகள் ஒன்றோடொன்று சேர்வதையும் விசாரிக்கும் அதிகாரம் அதற்கு இருந்தது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அதைக் கலைத்து, பாவனையாளர் பாதுகாப்பையும் போட்டி விவகாரத்தையும் ஒரே கூரையின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் கொடுத்தது. போட்டிக்கு எதிரான நடவடிக்கையை விசாரிக்கும் பிரிவுகள் அதில் உண்டு. ஆனால் ஏகபோகம், கம்பனி இணைப்பு பற்றிய பழைய ஏற்பாடுகள் விடுபட்டுப் போயின. 2018இல் எட்டிசலாட் ஹட்ச்சோடு சேர்ந்தது, 2024இல் எயர்டெல் டயலொக்கோடு சேர்ந்தது. ஐந்து கைத்தொலைபேசிக் கம்பனி மூன்றானது. டயலொக் விசயத்தில் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு பார்த்து அனுமதி கொடுத்தது, அதற்கென்று தனி ஆணைக்குழு இருப்பதால். நாளைக்கு இரண்டு பெரிய அரிசி ஆலைகள் ஒன்றாகச் சேர்ந்தால் "நில்லு, பார்க்கவேணும்" என்று சொல்ல 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடமில்லை.

கடைக்காரனைப் பிடிக்கும் பகுதி மட்டும் நன்றாக வேலை செய்கிறது. 2021 திருத்தத்துக்குப் பிறகு உச்ச விலைக்கு மேல் விற்றால் தனி ஆளுக்கு ஒரு இலட்சம் முதல் ஐந்து இலட்சம் வரை, கம்பனிக்கு ஐந்து இலட்சம் முதல் ஐம்பது இலட்சம் வரை தண்டம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். கிலோ 225 என்றால் ஐம்பது இலட்சம் என்பது 22 தொன் அரிசி. பெரிய ஆலைக்கு அது இரண்டு மூன்று லொறிச் சுமை. எனக்கு ஒரு இலட்சம் என்பது இரண்டு மாதம் கடை திறந்து மூடிய கூலி.

இதை அந்தச் சட்டத்தரணி சொல்லவில்லை, நானே சொல்கிறேன். ஆனால் அவர் இன்னொன்று சொன்னார், அதைத் தமிழ் ஊடகத்தில் நான் முன்னே கேட்டதில்லை. ஏகபோகம் விற்கிற பக்கம் மட்டுமல்ல, வாங்குகிற பக்கமும் இருக்கும் என்றார். அதைப் புரிந்துகொள்ள எனக்குப் புத்தகம் தேவைப்படவில்லை, எங்கள் ஊருக்குப் பக்கத்தில் வாவிக்கு மேலே போகும் பட்டிருப்புப் பாலம் போதும். பெரும்போக வெட்டுக் காலத்தில் வாவிக்கு அந்தப் பக்கத்து வயல் ஊர்களான படுவான்கரையிலிருந்து நெல் லொறிகள் அந்தப் பாலத்தால் வரும். வெட்டு மெசினுக்குக் காசு கொடுக்கவேண்டும், உரக்கடைக் கடன் நிற்கிறது, காயவிட றோட்டோரத்தைத் தவிர இடமில்லை. ஈர நெல்லை வைத்துக்கொண்டு எந்த விவசாயியும் பேரம் பேச முடியாது. வாங்க வருகிறவர் நாலு பேர், நாலு பேரும் சொல்வது ஒரே விலை. 2025 பெப்ரவரியில் அரசாங்கம் நாட்டு நெல்லுக்கு 120 ரூபா என்று அறிவித்தபோது எங்கள் பக்கத்தில் வெட்டுத் தொடங்கிவிட்டது. போன நெல் பொலன்னறுவையில் அச்சடித்த பையில் அரிசியாகித் திரும்பி வரும். ஒரு கிலோ அரிசிக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ நெல், அதாவது 180 ரூபா. 180க்கும் 225க்கும் இடையில் அவித்தல், காயவைத்தல், டீசல், வங்கி வட்டி எல்லாம் இருக்கிறது. ஆலைக்காரரைக் கள்ளன் என்று நான் சொல்லவில்லை. என் விலைப்பட்டியலைப் படம் பிடித்தார்கள், அந்தக் கணக்கை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. அவ்வளவுதான் என் முறைப்பாடு.

ஆகவே கேள்விக்குப் பதில்: பிரயோசனம் உண்டு, ஆனால் ஆளைப் பார்த்துக் கேளுங்கள். பேசுகிறவர் யாருக்காக வழக்காடுகிறார் என்பதை நிகழ்ச்சியில் சொல்லவேண்டும், பெரும்பாலும் சொல்வதில்லை. பெரிய கம்பனிக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டே "சந்தை தானாகச் சரியாகும்" என்று பேசுகிறவரும் இருக்கிறார். அது பொய் என்றில்லை, அவருடைய கட்சிக்காரர் யார் என்று தெரிந்தால் நாங்கள் வேறு காதால் கேட்போம். இன்னொரு வகை, கமராவைக் கண்டதும் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து முறைப்பாடு செய்யுங்கள் என்பதோடு முடித்துவிடுவார்கள். அழையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுத்தால்தான் அது சட்டப்படியான முறைப்பாடு என்பதையும், கையில் பில் இருக்கவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். கேட்டால் பில் தரவேண்டியது வியாபாரியின் கடமை. என் கடையிலும் கேளுங்கள்.

நிகழ்ச்சி பார்த்த பிறகு வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகினேன். ஏன் என்று கேட்டவர்களுக்கு போன் பழுது என்றேன். லொறிக்காரர் அடுத்த முறை வந்தபோது பில் இல்லாமல் இறக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "உங்கட விருப்பம் தம்பி" என்று சொல்லி அடுத்த கடைக்குப் போனார். மூன்று கிழமை என் கடையில் நாட்டரிசி இல்லை. பக்கத்துக் கடையில் இருந்தது. என்ன விலைக்குக் கொடுக்கிறார் என்று கேட்க வாய் வந்தது, கேட்காமல் இருந்துவிட்டேன்.