இணைப்புகள் தோல்வியடையும்போது சர்வரின் சிபியு ஏன் 100 சதவீதத்துக்கு ஏறுகிறது? கோர்களை, அதாவது சிபியுவுக்குள் இருக்கும் தனித்தனிச் செயலாக்க அலகுகளை, கூட்டினால் சரியாகுமா?

சரியாகாது. தோற்றுப்போன ஓர் இணைப்புக்கு ஆகும் வேலை மிகச் சொற்பம்; ஒரு தோல்விக்கும் அடுத்த முயற்சிக்கும் இடையில் நிரல் சற்றும் காத்திராமல் சுழல்வதுதான் சிபியுவைத் தின்கிறது. உங்களுடையது லினக்ஸ் சர்வர் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் பராமரித்த ஒரு செய்திப் பரிமாற்ற சர்வரில், பயனர் நடமாட்டம் மிகக் குறைந்த நேரத்திலும் ஒரு கோர் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மென்பொருளை விற்ற நிறுவனத்தின் உதவிக் குழு, பதிவுக் கோப்பைக்கூடக் கேட்காமல், பெரிய இயந்திரத்துக்கு மாறும்படி அறிவுரை கூறியது. எது எவ்வளவு சிபியுவை எடுக்கிறது என்று காட்டும் டாப் கட்டளையில், த்ரெட்களை, அதாவது நிரலுக்குள் தனித்தனியே ஓடும் வேலை இழைகளை, பிரித்துப் பார்த்தபோது ஒரே ஒரு த்ரெட்தான் அத்தனையையும் விழுங்கியது தெரிந்தது. ஒரு த்ரெட் ஒரு நேரத்தில் ஒரு கோரில்தான் ஓடும்; அதற்கு எத்தனை கோர்களைக் கொடுத்து என்ன பயன்? நிரல் இயங்குதளத்திடம் விடுக்கும் அழைப்புகளைக் காட்டும் எஸ்ட்ரேஸ் கருவியை அந்த த்ரெட்டில் சில நொடிகள் மட்டும் இணைத்தேன் (அது நிரலின் வேகத்தைக் குறைக்கும் என்று எச்சரிக்க வருவோருக்காகவே 'சில நொடிகள்' என்கிறேன்). புதிய இணைப்பை ஏற்கும் அக்செப்ட் அழைப்பு, திறந்த கோப்புகளின் வரம்பு (லினக்ஸில் ஒவ்வோர் இணைப்பும் ஒரு திறந்த கோப்பாகவே எண்ணப்படும்) நிரம்பிவிட்டதைக் குறிக்கும் ஈஎம்ஃபைல் பிழையுடன் திரும்புகிறது. ஏற்கப்படாத இணைப்பு வரிசையிலேயே நிற்பதால், எந்த இணைப்பில் வேலை காத்திருக்கிறது என்று நிரலுக்குச் சொல்லும் ஈபோல் உடனே "தயார்" என்கிறது. மீண்டும் அக்செப்ட், மீண்டும் அதே பிழை.

பல லினக்ஸ் அமைப்புகளில் அந்த வரம்பு இயல்பாக 1024தான். அதை உயர்த்தினால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். உயர்த்துவதில் தவறில்லை, ஆனால் இணைப்புகளின் நிலையைப் பட்டியலிடும் எஸ்எஸ் கட்டளை குளோஸ்-வெயிட் நிலையில் குவியலாக இணைப்புகளைக் காட்டியது. மறுமுனை மூடிவிட்டுப் போன பிறகும் நம் நிரல் தன் பக்கத்தை மூடவில்லை என்பதே அதன் பொருள். இப்படி மூடப்படாத இணைப்புகள் தேங்கும் அந்தக் கசிவு இருக்கும்வரை எந்த வரம்பும் ஒருநாள் நிரம்பவே செய்யும். தரவைப் படிக்கும் ரீட் அழைப்பு சுழியத்தைத் திருப்பும் இடத்தில் (மறுமுனை மூடிவிட்டதற்கான அடையாளம் அது) சாக்கெட்டை, அதாவது இணைப்பின் நம் பக்க முனையை, மூடுமாறும், ஈஎம்ஃபைல் வந்தால் சிறிது நேரம் புதிய இணைப்புகளைக் கவனிக்காமல் இருக்குமாறும் திருத்திய பிறகு அந்தக் கோர் அடங்கியது. பிணைய நிரல்கள் பயன்படுத்தும் லிப்யூவி நூலகம் இதற்கென்றே ஓர் உபரிக் கோப்பு விவரிப்பியை (திறந்த கோப்பு ஒவ்வொன்றுக்கும் தரப்படும் எண்) கையிருப்பில் வைத்து, நெருக்கடியில் அதை விடுவித்து, வரிசையில் நிற்கும் இணைப்பை ஏற்று உடனே மூடிவிடுகிறது.

உங்கள் சிக்கல் வெளிச்செல்லும் இணைப்புகளில் இருந்தால், கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு பிழை பெரும்பாலும் கணப்பொழுதில் திரும்பிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். மறுமுயற்சிக்கான இடைவெளியை ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்கி, அதில் சிறிது தற்செயல் நேரத்தையும் கலக்க வேண்டும். இவ்வளவு பிழைகளையும் வேறுபாடின்றி "இணைப்பு தோல்வி" என்று ஒரே வரியில் பதிவு செய்யும் மென்பொருள்கள்மீது எனக்குத் தீராத கோபம் உண்டு: மறுக்கப்பட்டது, நேரம் கடந்தது, கோப்பு வரம்பு தீர்ந்தது ஆகிய மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. பிழை எண்ணைப் பதிவில் சேர்க்க வழியிருந்தால், முதலில் அதைச் செய்யுங்கள்.