75 வருட ஆதாரம் உங்களிடம் கேட்கவே கூடாது

வணக்கம். கோத்தகிரிப் பக்கம் தாத்தா காலத்திலிருந்து உழுகிற இரண்டு ஏக்கருக்கு வன உரிமை மனு போட்டீர்கள், 75 வருடம் அங்கே வாழ்ந்ததற்கு ஆதாரம் இல்லை என்று கோட்ட அளவுக் குழு (இந்த மனுக்களைப் பரிசீலிக்கும் அதிகாரிகள் குழு) தள்ளிவிட்டதாக வாய்மொழியாகச் சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் கோபம்தான் வந்தது.

2006 வன உரிமைச் சட்டத்தில் அந்த 75 வருட நிபந்தனை, பழங்குடி அல்லாத, பரம்பரையாகக் காட்டை நம்பி வாழ்பவர்களுக்கானது. நீங்கள் இருளர், பட்டியல் பழங்குடி. 2005 டிசம்பர் 13-க்கு முன்பே அந்த நிலம் உங்கள் அனுபவத்தில் இருந்தது என்று காட்டினால் போதும்.

காகிதம்தான் சாட்சி என்று சட்டம் சொல்லவில்லை. அந்தச் சட்டத்தின் விதிகளில் 13-ஐப் பாருங்கள். நீங்கள் போட்ட வரப்பு, வீடு, கிணறு, முன்னோரைப் புதைத்த இடம், கும்பிடும் இடம் எல்லாமே ஆதாரம்தான். ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை எழுதி வாங்கலாம், ஆனால் மனுதாரர் அல்லாத பெரியவராக இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று மட்டும் போதாது, குறைந்தது இரண்டு வேண்டும். உங்கள் பாட்டியின் வயதுக்காரர்கள் இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள்.

அப்புறம், நிராகரிப்பைக் காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். கிடைத்ததும் 60 நாளுக்குள் ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவிடம் முறையிடலாம். அதுவரை யாராவது காலி செய்யச் சொன்னால் அதே சட்டத்தின் பிரிவு 4(5)-ஐக் காட்டுங்கள்: சரிபார்ப்பு முடியும்வரை வெளியேற்றக் கூடாது.

முதல் மனுவின் நகலும் கிராம சபைத் தீர்மானமும் கையில் இருக்கிறதா?