பாட்டியின் கண்ணாடி உருண்டைகளை ஈரத்துணியால் துடைக்காதீர்கள்

பெரம்பூர் வீட்டுப் பரணிலிருந்து பாட்டியின் கிறிஸ்துமஸ் பெட்டியை இறக்கியிருக்கிறீர்கள். அழுக்கேறிய கண்ணாடி உருண்டைகளை ஈரத்துணியால் துடைக்கலாமா, பழைய சீரியல் செட்டை மாட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தண்ணீர் வேண்டவே வேண்டாம். அந்தக் காலத்து உருண்டைகளில் வெள்ளிப்பூச்சு உள்பக்கம், வண்ணம் வெளிப்பக்கம். வண்ணம் ஈரம் பட்டால் கையோடு வந்துவிடும். நான் ஒரு சிவப்பு உருண்டையை அப்படித்தான் வெள்ளையாக்கி, அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். காய்ந்த, மெல்லிய பெயிண்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டினால் போதும். உள்ளே ஈரம் போனால் வெள்ளி கறுத்துவிடும். நம் ஊரில் டிசம்பரிலும் மழை உண்டே, அதனால் ஜன்னலோரம் தொங்கவிடாதீர்கள். கொஞ்சம் உரிந்து, கறுத்து இருந்தாலும் அழகுதான், விடுங்கள்.

சீரியல் செட்டை மட்டும் மாட்டாதீர்கள். பழைய ஒயரின் உறை விறைத்து வெடித்திருக்கும். பாரிமுனைப் பக்கம் போனால் மஞ்சள் ஒளி எல்இடி செட் கிடைக்கும், பார்க்கப் பழையது போலவே இருக்கும்.

குடில் பொம்மைகளுக்குப் புதுப் பெயிண்ட் அடிக்காதீர்கள். கால் உடைந்திருந்தால் ஃபெவிகால் போதும். எங்கள் வீட்டில் ஒரு நொண்டி ஆடு உண்டு. அதை யார் வைப்பது என்று பிள்ளைகளுக்குள் வருடாவருடம் சண்டை. பாலன் இயேசுவை 24 நள்ளிரவில்தான் வைப்போம்.

ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் எல்லாவற்றையும் முட்டை அட்டையில் அடுக்கி, நடுவே சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். செய்தித்தாளில் சுற்றினால் மை ஒட்டும்.