ஏரி, கட்டடம், எம் புக்: பொதுப்பணித்துறை பற்றிய உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

உதவிப் பொறியாளராகச் சேர்ந்து செயற்பொறியாளராக ஓய்வு பெற்றவன் நான். கட்டடம், பாசனம் இரண்டு பக்கமும் வேலை பார்த்திருக்கிறேன். ஒரே விஷயத்தைக் கேட்ட கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: பொதுப்பணித்துறையும் நீர்வளத்துறையும் ஒன்றா, வேறா? செய்தியில் இரண்டு அமைச்சர்கள் பேசுகிறார்கள்.

இப்போது வேறு வேறு. 2021இல் ஆட்சி மாறியதும் நீர்வளத்தைத் தனித்துறையாக்கினார்கள். அதற்கு முன்பே, 1990களில், உள்ளுக்குள் நீர்வள ஆதார அமைப்பு, கட்டட அமைப்பு என்று பிரித்திருந்தார்கள். ஆனால் அமைச்சரும் செயலாளரும் ஒருவரே.

இந்தத் துறையின் கதையே பிரிந்துகொண்டு வந்த கதைதான். 1858இல் சென்னை மாகாணத்தில் பொதுப்பணித்துறை உருவானபோது சாலை, பாலம், ஏரி, அணை, அரசு அலுவலகக் கட்டடம் எல்லாம் ஒரே குடைக்குள் இருந்தன. 1946இல் நெடுஞ்சாலைத்துறை தனியே போயிற்று. 1971இல் குடிநீருக்கும் வடிகாலுக்கும் தனி வாரியம் வந்தது. கடைசியாக ஆறும் ஏரியும் போய்விட்டன. இன்று பொதுப்பணித்துறை என்று சொன்னால் முக்கியமாகக் கட்டடம்தான். பழக்கத்தில் மக்கள் இன்னும் ஏரியைப் "பி.டபிள்யூ.டி. ஏரி" என்றுதான் சொல்கிறார்கள். அதில் தப்பில்லை, மனுவின் முகவரியில் மட்டும் நீர்வளத்துறை என்று எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் ஏரியின் கரை உடையும் நிலையில் இருக்கிறது. ஒன்றிய அலுவலகம் போனால் "எங்களது இல்லை" என்கிறார்கள், நீர்வளத்துறை போனால் அவர்களும் அதையே சொல்கிறார்கள். யாரிடம் போவது? (செய்யாறு பக்கத்து விவசாயி)

முதலில் ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் நிலப்பரப்பு, எவ்வளவு என்று பாருங்கள். 40 ஹெக்டேர், அதாவது சுமார் 100 ஏக்கர், அதற்கு மேல் பாயும் ஏரி நீர்வளத்துறையுடையது. அதற்குக் கீழே இருந்தால் ஊராட்சி ஒன்றியம். தமிழ்நாட்டில் ஏரிகள் 39,000க்கு மேல். எண்ணிக்கையில் பெரும்பகுதி ஒன்றியங்களிடம்தான் இருக்கிறது, பாசனப் பரப்பில் பெரிய ஏரிகள் துறையிடம்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஆயக்கட்டு எழுத்தில் 110 ஏக்கர், நிஜத்தில் பாதி மனையாகிவிட்டது. அல்லது சங்கிலித் தொடர் ஏரிகளில் மேல் ஏரி ஒருவரிடம், கீழ் ஏரி இன்னொருவரிடம், நடுவில் இருக்கும் கால்வாய் யாரிடமும் இல்லாத மாதிரி நடந்துகொள்வார்கள். இதை வாய்ப்பேச்சில் தீர்க்க முடியாது. கிராம நிர்வாக அலுவலரிடம் நில விவரம் எழுதிய 'அ' பதிவேட்டில் அந்தப் புல எண்ணை எடுங்கள். அப்புறம் நீர்வளத்துறை உபகோட்ட அலுவலகத்தில் ஏரியின் மெமாயர், அதாவது பழைய விவரக் குறிப்பேடு, இருக்கிறதா என்று கேளுங்கள். 1883இல் ஆங்கிலேயர் தொடங்கிய ஏரிச் சீரமைப்புத் திட்டத்தில் ஒவ்வொரு ஏரிக்கும் கரை நீளம், மடைகள் எத்தனை, மடையின் அடிமட்டம், உபரி நீர் வழியும் கலிங்கின் மட்டம், நிறை நீர்மட்டம், ஆயக்கட்டு எல்லாவற்றையும் எழுதிவைத்தார்கள். பல ஏரிகளுக்கு அந்தக் காகிதம்தான் இன்றும் ஆதாரம். நோட்டு நைந்து போயிருக்கும், ஆனாலும் பெரும்பாலும் கிடைக்கும்.

இரண்டும் கையில் இருந்தால் நேராகப் பிரிவு உதவிப் பொறியாளரிடம் போங்கள். நம் ஆட்கள் எடுத்த எடுப்பில் அமைச்சருக்கும் முதலமைச்சர் தனிப்பிரிவுக்கும் எழுதுகிறார்கள். அந்த மனு சென்னையிலிருந்து படிப்படியாக இறங்கி, கடைசியில் அதே உதவிப் பொறியாளர் மேஜைக்கே வந்து சேரும், "அறிக்கை அனுப்பவும்" என்ற குறிப்போடு.

கரை உடையும் நிலை என்றால் மட்டும் இதற்கெல்லாம் காத்திருக்காதீர்கள். வட்டாட்சியருக்கும் உபகோட்டத்துக்கும் ஒரே நேரத்தில் போன் செய்யுங்கள். வெள்ளக் காலத்தில் மணல் மூட்டை, சவுக்குக் கழி இவற்றுக்கு எஸ்டிமேட் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: அதே ஏரியில் ஆக்கிரமிப்பு. துறையே எடுக்க முடியாதா?

முடியும். 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் நீர்வளத்துறையின் ஏரிகளுக்காகவே வந்தது. ஆனால் எல்லையை அளந்து காட்ட வருவாய்த்துறை சர்வேயர் வேண்டும், இடிக்கும்போது காவல்துறை வேண்டும். மூன்று துறையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் நிற்பதுதான் கஷ்டம். சட்டத்தில் குறையில்லை.

கேள்வி: ஏ.ஈ., ஏ.ஈ.ஈ., ஈ.ஈ., எஸ்.ஈ., சி.ஈ. குழப்பமாக இருக்கிறது. உண்மையில் முடிவெடுப்பவர் யார்? (பொறியியல் மாணவி)

கீழிருந்து வாருங்கள். பிரிவுக்கு உதவிப் பொறியாளர். சில பிரிவுகள் சேர்ந்து உபகோட்டம், அதற்கு உதவி செயற்பொறியாளர். சில உபகோட்டங்கள் சேர்ந்து கோட்டம், அதற்குச் செயற்பொறியாளர். கோட்டங்கள் சேர்ந்து வட்டம், அதற்குக் கண்காணிப்புப் பொறியாளர். அதற்கு மேல் மண்டலத்துக்குத் தலைமைப் பொறியாளர். நீர்வளத்துறையில் சென்னை, திருச்சி, மதுரை, கோவை என நான்கு மண்டலங்கள். உச்சியில் முதன்மைத் தலைமைப் பொறியாளர், சேப்பாக்கத்தில்.

முடிவு என்றால் எந்த முடிவு என்று கேட்க வேண்டும். பணி வேண்டும் என்று பணம் ஒதுக்குவது அரசு, அது நிர்வாக அனுமதி. இந்த வடிவமைப்பு சரி, இந்தத் தொகை சரி என்பது தொழில்நுட்ப அனுமதி. தொகை பெரிதாகப் பெரிதாக அதில் கையெழுத்து போடுபவர் மேலே போவார். ஆனால் துறையின் நிஜமான அலகு கோட்டம்தான். கணக்கு அங்கே, ஒப்பந்தப் பத்திரங்கள் அங்கே, பில் பாஸ் ஆவது அங்கே. அங்கே கோட்டக் கணக்கர் என்று ஒருவர் இருப்பார். அவர் பொறியாளர் அல்ல, செயற்பொறியாளருக்குக் கீழேதான் உட்கார்ந்திருப்பார், ஆனாலும் அவர் "விதிப்படி இல்லை" என்று எழுதிவிட்டால் அந்தக் கோப்பை நகர்த்தப் பெரிய மனசு வேண்டும்.

இவர்கள் எல்லோருக்கும் கீழே லஸ்கர் என்று ஒருவர் உண்டு. நள்ளிரவில் ஷட்டரைத் தூக்குபவர் அவர்தான். இப்போது அந்தப் பணியிடங்கள் நிறைய காலியாகக் கிடக்கின்றன. என்னைக் கேட்டால் புது ஜீப்பைவிட லஸ்கர்தான் அவசரம்.

கேள்வி: சின்ன ஒப்பந்ததாரராகப் பதிவு செய்திருக்கிறேன். முதல் பணி, ஒரு பள்ளிக்கு இரண்டு வகுப்பறை. எதில் கவனமாக இருக்க வேண்டும்?

வாழ்த்துகள் தம்பி. டெண்டர் கட்டத்தை நீங்கள் தாண்டிவிட்டீர்கள், ஆனாலும் அடுத்த முறைக்குச் சொல்கிறேன்: 1998ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தையும் 2000ஆம் ஆண்டு விதிகளையும் ஒருமுறை முழுதாகப் படியுங்கள். விலை பேசுவது குறைந்த தொகை கேட்டவரோடு மட்டும்தான் என்பது முதல் எல்லாம் அதில் இருக்கிறது.

இனி எம் புக். முடிந்த வேலையின் அளவை எழுதிவைக்கும் அளவுப் புத்தகம் என்பது அதன் பெயர், யாரும் அப்படிச் சொல்வதில்லை. உங்கள் பணம் அந்தப் புத்தகத்தில்தான் இருக்கிறது. பக்கங்களுக்கு எண் போட்டிருக்கும், கிழிக்கக்கூடாது, அழிக்கக்கூடாது, தப்பாக எழுதினால் கோடு போட்டு அடித்துச் சுருக்கொப்பம் இட வேண்டும். உதவிப் பொறியாளர் நேரில் அளந்து எழுதுவார், உதவி செயற்பொறியாளர் சரிபார்த்து அளப்பார், பிறகுதான் கோட்டத்துக்குப் போகும்.

புதிதாக வருபவர்கள் விழும் இடம் மறைந்துபோகும் வேலை. அஸ்திவாரக் குழியின் ஆழம், அடியில் போட்ட கான்கிரீட், கம்பியின் விட்டமும் இடைவெளியும் இவையெல்லாம் மூடிவிட்டால் யாராலும் அளக்க முடியாது. "மேஸ்திரி காத்திருக்கிறார் சார், கான்கிரீட் போட்டுவிடுகிறேன், நாளைக்கு எழுதிக்கலாம்" என்பீர்கள். நாளைக்கு அந்த ஏ.ஈ. மாற்றலாகிப் போயிருப்பார். புதிதாக வந்தவர் தான் பார்க்காத கம்பிக்கு ஏன் கையெழுத்து போட வேண்டும்? ஆகவே குழியை மூடும் முன் அளவு, கான்கிரீட் போடும் முன் கம்பி அளவு. இதில் மட்டும் பிடிவாதமாக இருங்கள்.

அடுத்தது, எஸ்டிமேட்டில் இல்லாத வேலையை வாய்மொழி உத்தரவில் செய்யாதீர்கள். தலைமை ஆசிரியர் கேட்பார், உள்ளூர்ப் பிரமுகர் கேட்பார். ஒரு வரியாவது எழுதி வாங்குங்கள். நிதி விடுவிப்பு தாமதமாகும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். வேலை நடக்கும்போதே பகுதி பகுதியாகத் தரும் பார்ட் பில்லை நம்பிக் கடன் வாங்கினால் வட்டி உங்களைத் தின்றுவிடும்.

கேள்வி: கமிஷன் இல்லாமல் பில் பாஸ் ஆகுமா? நேர்மையாகச் சொல்லுங்கள்.

ஆகும் இடமும் உண்டு, ஆகாத இடமும் உண்டு. ஆகாத இடத்தில் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்குநரகத்துக்குப் போகலாம். போனவர்கள் உண்டு, கையும் களவுமாகப் பிடிபட்டவர்களும் உண்டு. ஒன்று மட்டும் சொல்வேன், எம் புக்கில் கூடுதல் அளவு எழுதச் சொல்லும் ஒப்பந்ததாரர் கமிஷனைப் பற்றிப் பேசத் தகுதி இழந்துவிடுகிறார்.

கேள்வி: எங்கள் தெருச் சாலை குண்டும் குழியுமாக இருக்கிறது.

பொதுப்பணித்துறை அல்ல. ஊருக்குள் இருக்கும் தெரு என்றால் ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி. ஊரை ஊரோடு இணைக்கும் பெரிய சாலை என்றால் பெரும்பாலும் மாநில நெடுஞ்சாலைத்துறை.

கேள்வி: மேட்டூர் அணையைத் திறக்க யார் உத்தரவு தருகிறார்கள்? பொறியாளரா, அரசா? டி.எம்.சி., கன அடி என்பதையும் விளக்குங்கள்.

பாசனத்துக்குத் திறப்பது அரசின் முடிவு. வழக்கமான நாள் ஜூன் 12, தண்ணீர் இருப்பைப் பொறுத்து முன்னே பின்னே போகும். வெள்ளத்தில் திறப்பது வேறு விஷயம். அணையில் இருக்கும் பொறியாளர்கள் நீர்வரத்தையும் மட்டத்தையும் மணிக்கணக்கில் பார்த்து, வகுத்த விதிப்படி திறப்பார்கள். மேலிடத்துக்கும் கீழே உள்ள மாவட்ட ஆட்சியர்களுக்கும் தகவல் போகும், கரையோரம் எச்சரிக்கை ஆட்சியர் வழியாக வரும்.

கணக்கு எளிது. வினாடிக்கு ஒரு கன அடி என்பது சுமார் 28.3 லிட்டர். நூறு கோடி கன அடி ஒரு டி.எம்.சி. வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. மேட்டூரின் முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. நீர்வரத்து வினாடிக்கு ஒரு லட்சம் கன அடி என்று செய்தியில் வந்தால், ஒரு நாளில் எட்டரை டி.எம்.சி.க்கு மேல் வந்து சேர்கிறது என்று அர்த்தம். அணை ஏற்கெனவே 118 அடியில் நிற்கும்போது அப்படி வந்தால் 16 கண் மதகைத் திறப்பதைத் தவிர வேறு வழியில்லை. "தண்ணீரை வீணாகக் கடலுக்கு விட்டார்கள்" என்று எழுதுபவர்கள் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்த்தால் பாதிச் சண்டை குறையும்.

கேள்வி: அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். கூரை ஒழுகுகிறது, மின்விசிறி சுற்றவில்லை. பொதுப்பணித்துறைக்கு ஒரே கடிதம் போதுமா?

இரண்டு எழுதுங்கள். கட்டடப் பிரிவு வேறு, மின் பிரிவு வேறு, அதற்குத் தனிக் கோட்டம் உண்டு. ஒரே கடிதத்தில் எழுதினால் மின்விசிறியைப் பற்றிய பத்தி சிவில் பொறியாளரின் கோப்பிலேயே தூங்கிவிடும்.

கேள்வி: மகள் சிவில் முடித்துவிட்டாள். டி.என்.பி.எஸ்.சி. எழுதுகிறாள். நீர்வளத்துறையா, பொதுப்பணித்துறையா, எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

முதலில் தமிழ்த் தகுதித் தேர்வு. அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற தாள் எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் பயன் இல்லை. ஆங்கில வழியில் படித்த பிள்ளைகள் இதை அலட்சியம் செய்கிறார்கள்.

கட்டடப் பக்கம் போனால் பெரும்பாலும் நகரம், வேலைக்கு ஆரம்பமும் முடிவும் உண்டு, கட்டியதைக் கண்ணால் பார்க்கலாம். நீர்வளத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை போனைத் தலைமாட்டில் வைத்துத்தான் தூங்க வேண்டும். மீதிக் காலத்தில் விவசாயிகளோடு பேச்சுவார்த்தை, கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்ற சண்டை. மண்ணையும் மனிதர்களையும் படிக்க அதைவிட நல்ல இடம் இல்லை. நான் இரண்டிலும் இருந்தவன், என் ஓட்டு பாசனத்துக்கு. மகளிடம் கேளுங்கள், அவள் ஓட்டு வேறாக இருக்கலாம்.

கேள்வி: எங்கள் ஊரில் கட்டிய தடுப்பணை ஒரே மழையில் பெயர்ந்துவிட்டது. எஸ்டிமேட்டைப் பார்க்க எங்களுக்கு உரிமை இருக்கிறதா?

இருக்கிறது. 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஆவணத்தின் நகல் மட்டுமல்ல, பணியை நேரில் ஆய்வு செய்யவும் பொருளின் சான்றிட்ட மாதிரி எடுக்கவும் உரிமை தந்திருக்கிறார்கள். 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, சம்பந்தப்பட்ட கோட்ட அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.

"முழு விவரம் தரவும்" என்று எழுதாதீர்கள், அதற்கு ஒரு பக்கப் பதில்தான் வரும். பணியின் பெயரையும் ஆண்டையும் போட்டு இவற்றைக் கேளுங்கள்: தொழில்நுட்ப அனுமதி பெற்ற மதிப்பீடு, வரைபடம், ஒப்பந்தப் பத்திரம், எம் புக்கின் எண்ணும் பக்கங்களும், கான்கிரீட் கட்டிகளின் சோதனை முடிவு, குறைபாடு பொறுப்புக் காலம் எந்தத் தேதி வரை. அந்தக் காலம் முடியவில்லை என்றால் ஒப்பந்ததாரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும், ஆகவே கடைசிக் கேள்வியை முதலில் எழுதினாலும் தப்பில்லை. வரைபடத்தில் அடிமட்டத்துக்குக் கீழே தடுப்புச் சுவர் எவ்வளவு ஆழம் என்று போட்டிருப்பார்கள். பெயர்ந்த இடத்தில் டேப் பிடித்து அளந்து, அதையும் எம் புக்கில் எழுதிய ஆழத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.