8 ஜிபி ரேம் போதவில்லை, இன்னொரு 8 சேர்த்தால் போதுமா?

கேள்வி: வீட்டு டெஸ்க்டாப்பில் ஒரே ஒரு 8 ஜிபி டிடிஆர்4 ரேம், வேகம் 2666. பிரவுசரில் நாலு டேப் கூடுதலாகத் திறந்தாலே இழுக்கிறது. கடையில் 3200 வேக ரேம்தான் இருக்கிறதாம். அதைச் சேர்க்கலாமா, இல்லை ஒரேயடியாக அடுத்த தலைமுறை டிடிஆர்5 வாங்கிவிடலாமா?

பதில்: டிடிஆர்5 உங்கள் மதர்போர்டில் ஏறவே ஏறாது. இரண்டுக்கும் 288 பின்தான் என்றாலும் கீழே இருக்கும் வெட்டு இடம் மாறியிருக்கும், அழுத்தினால் ஸ்லாட்தான் உடையும். அதற்குப் போவதென்றால் மதர்போர்டையும், அநேகமாக பிராசசரையும் மாற்ற வேண்டிவரும். டேப் திறக்க இவ்வளவு செலவு தேவையில்லை.

காசை எடுப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். கம்ப்யூட்டர் இழுக்கிற அந்த நேரத்திலேயே டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைப் பாருங்கள். 90 சதவீதத்தைத் தொட்டுக்கொண்டு நின்றால் ரேம்தான் குறை. மெமரி பாதியில் நிற்கிறது, ஆனால் டிஸ்க் மட்டும் 100 காட்டுகிறது என்றால் பழைய ஹார்டு டிஸ்க்தான் இழுக்கிறது, எஸ்எஸ்டி போட்டால்தான் தீரும். (ரேம் நிரம்பினாலும் டிஸ்க் ஓடும், அதனால் இரண்டையும் சேர்த்தே பாருங்கள்.) எத்தனை ஸ்லாட்டில் ரேம் இருக்கிறது என்பதும் அதே பக்கத்தில் தெரியும்.

ரேம்தான் குறை என்று தெரிந்தால் 3200-ஐ தாராளமாக வாங்கலாம், அது இறங்கிவந்து பழையதோடு 2666-இல் ஓடும். அந்த வேக வித்தியாசம் உங்கள் கண்ணுக்குத் தெரியப்போவதில்லை. இரண்டு ரேம் இருந்தால் டூயல் சேனலில், அதாவது இரண்டும் ஒரே நேரத்தில் தகவல் தரும்படி, ஓடும் என்பதுதான் பெரிய லாபம், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாதவர்களுக்கு விளையாட்டில் நன்றாகவே தெரியும். நாலு ஸ்லாட் போர்டாக இருந்தால் பொதுவாக பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணி 2, 4-இல் போட வேண்டும், போர்டு கையேட்டிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வேறுவேறு கம்பெனி ரேம்கள் பெரும்பாலும் ஒத்துப்போகும், எப்போதாவது முரண்டு பிடிக்கும். அதனால் ஒத்துவராவிட்டால் திருப்பித் தரலாமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று சர்வர்களில் போடுகிற ரெஜிஸ்டர்டு ரேமை மட்டும் எடுத்துவிடாதீர்கள், சாதாரண வீட்டு போர்டில் அது வேலை செய்யாது.

மாட்டும்போது பவர் கேபிளைக் கழற்றிவிட்டு, கிளிப் 'டக்' என்று விழும்வரை அழுத்துங்கள். திரையில் ஒன்றும் வரவில்லை என்றால் பதறாமல் கழற்றி மறுபடி மாட்டுங்கள், பல நேரம் அதிலேயே சரியாகிவிடும். அப்புறம் ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட் மென்பொருளை ஓர் இரவு ஓடவிடுங்கள், ஒரு பிழை காட்டினாலும் மறுநாளே கடைக்குக் கொண்டுபோங்கள்.