ஒரே கச்சேரி, ஊர்ப்பட்ட ஆல்பம்

கேள்வி: அப்பாவின் கர்நாடக சங்கீத சிடிகளை ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, வைஃபை மியூசிக் பிளேயரில் கேட்கிறேன். ஒரே கச்சேரி பல ஆல்பங்களாகச் சிதறித் தெரிகிறதே, ஏன்?
— வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: பிளேயர் மேல் தப்பில்லை. பெரும்பாலான பிளேயர்கள் ஃபோல்டரைப் பார்ப்பதில்லை. பாட்டுக் கோப்புக்குள் பாடகர், ஆல்பம் பெயரெல்லாம் எழுதியிருக்கும் குறிப்பை, அதாவது டேக்கைத்தான் படிக்கின்றன. ஒரு பாட்டில் பாடகர் பெயர் மட்டும் இருக்கும், அடுத்ததில் வயலின், மிருதங்கக்காரர்களும் சேர்ந்திருப்பார்கள். உடனே பிளேயர் அதை வேறு ஆல்பமாகப் பிரித்துவிடும். விண்டோஸில் இலவசமாகக் கிடைக்கும், டேக்கைத் திருத்தும் எம்பி3டேக் (Mp3tag) மென்பொருளில் சிடி முழுவதையும் தேர்ந்தெடுத்து, ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ கட்டத்தில் பாடகர் பெயரை மட்டும் போடுங்கள். தியாகராஜர், தீட்சிதர் எல்லாம் ‘கம்போஸர்’ கட்டத்துக்கு. நிறைய சிடிகளில் தியாகராஜரே ஆர்ட்டிஸ்டாக வந்து உட்கார்ந்திருப்பார். 1847-இல் மறைந்தவர் எந்த ஸ்டுடியோவில் பாடினாராம்!

ராகத்தைப் பாட்டின் பெயரோடு சேர்த்து எழுதுங்கள். ஆனால் ஓரிடத்தில் தோடி, இன்னோரிடத்தில் டோடி என்று இருந்தால் தேடும்போது பாதிதான் கிடைக்கும். எல்லாம் முடிந்ததும் பிளேயர் டேக்குகளைப் புதிதாகப் படிக்க, அதில் ‘ரீஸ்கேன்’ கொடுக்க மறக்காதீர்கள்.

அப்புறம், கோப்புகள் வேவ் (WAV) வடிவில் இருந்தால் முதல் வேலையாக ஃபிளாக் (FLAC) என்ற சுருக்கிய ஒலி வடிவத்துக்கு மாற்றுங்கள். ஒலித்தரம் துளியும் குறையாது, இடம் கிட்டத்தட்ட பாதி மிச்சம், டேக்கும் ஒழுங்காக நிற்கும்.