வேட்பாளரின் நான்கு முன்னுரிமைகள்

கேள்வி: எங்கள் தொகுதியில் சட்டமன்றத் தேர்தலுக்கு நிற்கும் ஒருவர், புதிய ரயில் பாதை, தெருவிளக்கு, அரசு கலைக் கல்லூரி, மாநில வரிக் குறைப்பு ஆகிய நான்கையும் தம் முன்னுரிமைகள் என்று துண்டறிக்கையில் அச்சிட்டிருக்கிறார். வென்றால் இவற்றில் எதை அவரால் நிறைவேற்ற முடியும்? (வாசகர் ஒருவர்)

பதில்: ஒரே தாளில் அச்சாகியிருந்தாலும் இவை ஒரே இடத்தில் முடிவாகும் காரியங்கள் அல்ல. ரயில்வே, அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணைப்படி ஒன்றியப் பட்டியலை, அதாவது நாடாளுமன்றம் சட்டம் இயற்றும் துறைகளின் பட்டியலைச் சேர்ந்தது. அதற்காகச் சட்டமன்ற உறுப்பினர் ஒன்றிய அமைச்சரிடம் மனுக் கொடுக்கலாம், வேறு அதிகாரம் அவருக்கு இல்லை. தெருவிளக்கோ நகராட்சிகளுக்குரிய பணிகளைக் கூறும் பன்னிரண்டாவது அட்டவணையில் உள்ளது. வார்டு உறுப்பினரின் வேலையைச் சட்டமன்ற வேட்பாளர் தம் கணக்கில் எழுதிக்கொள்வது நம் ஊர்களில் புதிதல்ல.

கல்லூரியும் வரியும்தான் அவர் செல்லவிருக்கும் அவைக்கு உரியவை. அங்கும் தனி உறுப்பினரின் கை நீளமானதல்ல. 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தத்தால் கல்வி, ஒன்றியமும் மாநிலமும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலுக்கு மாறிய பிறகும், அரசுக் கல்லூரி தொடங்கும் முடிவை மாநில அமைச்சரவையே எடுக்கிறது. அதற்கான மானியக் கோரிக்கை, அதாவது செலவுக்கு ஒப்புதல் கேட்கும் அரசின் கோரிக்கை, அவைக்கு வரும்போது, அரசமைப்பின் 203-ஆவது பிரிவின்படி அவை அதை ஏற்கலாம், மறுக்கலாம், தொகையைக் குறைக்கலாம். கூட்டித் தர இயலாது. ஆகவே "கல்லூரிக்கு நிதி ஒதுக்குவேன்" என்று ஒரு வேட்பாளர் சொல்வது, "ஒதுக்கும்படி அரசை வற்புறுத்துவேன்" என்பதன் மிகைப்பட்ட வடிவமே. வரியை மாற்றும் சட்டமுன்வடிவையும் ஆளுநரின் பரிந்துரையின்றி அவையில் அறிமுகப்படுத்த முடியாது. ஆனால் ஏற்கெனவே அவைமுன் உள்ள முன்வடிவில் வரியைக் குறைக்கும் திருத்தத்தை முன்மொழிய அப்பரிந்துரை தேவையில்லை என்பது பலர் கவனிக்காத சலுகை. எந்த வரி என்பதையும் அவர் சொல்லியாக வேண்டும், ஏனெனில் 2017-இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்த பின், பெட்ரோல் மீதான விற்பனை வரி, முத்திரைத்தீர்வை, மோட்டார் வாகன வரி போன்ற சிலவற்றில்தான் மாநிலம் தானாக விகிதத்தை மாற்ற முடிகிறது.

இதற்கு மேல், 1985-இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டம் இருக்கிறது. அவையில் எப்படி வாக்களிப்பது என்று கட்சி சார்பில் கூறும் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போகக்கூடும் என்பதால், வேட்பாளரின் துண்டறிக்கையைக் கட்சியின் தேர்தல் அறிக்கையோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். கட்சி சொல்லாததை இவர் மட்டும் சொன்னால் அதை ஆசை என்றே கொள்ளலாம். 2013-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து தேர்தல் ஆணையம் வகுத்த நெறிமுறைகள், வாக்குறுதிக்கான நிதி எவ்வழியில் வரும் என்பதை அறிக்கை பொதுவாகச் சுட்ட வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன. வாக்குக் கேட்டு வரும்போது அந்தக் கேள்வியை இவரிடமும் கேளுங்கள். அவர் முன்பே உறுப்பினராக இருந்தவரென்றால், கல்லூரி பற்றி எத்தனை வினா எழுப்பினார், உயர்கல்வி மானியக் கோரிக்கை விவாதத்தில் பேசினாரா என்பதற்கு அவைக் குறிப்புகளே சாட்சி.